மரப்பாச்சியும் பழந்துணியும்

நவராத்திரிக் கொலுவில் தனிச்சிறப்புடையது மரப்பாச்சி இணை. செம்மரத்தில் செதுக்கிய இவ்விரு பொம்மைகளையும் மணமகளுக்குச் சீராக வழங்குவது தமிழக மரபு. மண்பொம்மைகளுக்கு ஆடை வண்ணத்திலேயே அமைந்துவிடும். மரப்பாச்சிக்கோ ஆண்டுதோறும் புத்தாடை உடுத்தல் வேண்டும்.

அதற்கெனக் கடையில் துணி வாங்கியோர் அரியர். தாயின் கிழிந்த பட்டுப்புடவைச் சரிகை சேலையாகும். தந்தையின் பழைய வேட்டிக்கரை அங்கவஸ்திரமாகும். தையலில் மிஞ்சிய வெட்டுத்துணி ரவிக்கையாகும். அறுந்த மாலையின் மணிகள் அணிகலனாகும். கொசுவம் வைக்கவும் ஓரம் மடித்துத் தைக்கவும் சிறுமியர் பயின்றது இப்பொம்மையிடமே.

கொலு வைக்க வசதியற்ற தோட்டக் குடும்பங்களும் பழந்துணியின் அருமையை அறிந்திருந்தன. 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் வசமாயிற்று. 1945 வரை நீடித்த அவ்வாட்சியில் துணிப்பஞ்சம் தலைவிரித்தாடியது. சாக்கையே உடையாக அணிந்தோர் பலர். கந்தலையும் ஒட்டுப்போட்டு உடையாக்கிய கைகளே அன்று குடும்ப மானத்தைக் காத்தன.

இன்று பொம்மைக்கும் ஆயத்த ஆடை விலைக்குக் கிடைக்கின்றது. ஆயினும், பாட்டியின் புடவைத்துண்டை உடுத்திய மரப்பாச்சியே அவ்வீட்டின் வரலாற்றைக் கூறவல்லது. குனோங் ராபாட் வாழ் தாய்மார்கள் இந்நவராத்திரியில் தம் மக்களை அருகமர்த்தி, ஊசியும் நூலும் பழந்துணியும் தந்து இக்கைவேலையைக் கற்பிப்பார்களாக!