தேடியும் கிடைக்காத பெயர்

எபிரேய வேதாகமத்தைக் கதைக்காக வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம்: முதலாம் நாளாகமம். ஆதாமில் தொடங்கி ஒன்பது அதிகாரங்களுக்கு, கிட்டத்தட்ட வெறும் பெயர்கள். நானும் ரொம்ப நாள் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுத்தான் போனேன். இதையெல்லாம் யாரு உட்கார்ந்து எழுதினாங்க, எதுக்கு? எனக்கு விடை கிடைத்தது எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில். அதுவும் ஒரு பட்டியல்தான்.

கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எருசலேமை எரித்து, மக்களில் பலரை நாடுகடத்தினார்கள். கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்த பாரசீக மன்னர் கோரேசு அவர்களைத் திரும்பிப் போகவிட்டார். அதற்குள் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. திரும்பியவர்களில் பலர் எருசலேமைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். ராஜா இல்லை, ஆலயம் இல்லை. யார் எந்த ஊர்க்காரர், யார் ஆசாரியர் என்று சொல்ல வம்ச அட்டவணையை விட்டால் வேறு ஆதாரம் குறைவு. ஆசாரியத்துவம் படித்து வாங்கும் பதவியும் அல்ல. ஆரோனின் வழியில் பிறந்திருக்க வேண்டும்.

எஸ்றாவின் பட்டியல் சபையார் தொகையை 42,360 என்கிறது. அவர்களுக்குள் அபாயா, கோஸ், பர்சிலாய் என்று மூன்று ஆசாரியக் குடும்பங்கள். பர்சிலாய் குடும்பத்தின் முன்னோர் ஒருவர் பெண் எடுத்த வீட்டின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர். மூன்று குடும்பமும் அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடின. கிடைக்கவில்லை. உடனே ஆசாரியத்துவத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். ஊரீம், தும்மீம் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் ஆசாரியர் வரும்வரை மகா பரிசுத்தமான படையலைச் சாப்பிடக் கூடாது என்று ஆளுநர் உத்தரவிட்டார். ஆசாரியருக்கு மற்ற கோத்திரங்களைப்போல நிலப்பங்கு கிடையாது. படையலில் வரும் பங்குதான் பிழைப்பு. ஒரு பெயர் விடுபட்டால் கை வைப்பது சோற்றில்.

கோஸ் குடும்பத்தின் கதை இதோடு முடியவில்லை. கி.மு. 445 வாக்கில் நெகேமியா மதிலைக் கட்டும்போது, கோசின் வழிவந்த உரியாவின் மகன் மெரெமோத் இரண்டு பகுதிகளைப் பழுதுபார்க்கிறான். உரியாவின் மகன் மெரெமோத் என்ற ஆசாரியர் ஆலயத்துக்கான வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து வாங்கியதாக எஸ்றா எட்டாம் அதிகாரம் சொல்கிறது. இருவரும் ஒருவரே என்றால், மூடிய கதவு எப்படியோ திறந்திருக்கிறது.

நாடு திரும்பியதற்குப் பிறகுதான் நாளாகமமும் எழுதப்பட்டது. அதன் 24ஆம் அதிகாரத்தில், தாவீது காலத்து ஆசாரியப் பிரிவுகளாகச் சொல்லப்படும் இருபத்து நான்கில் ஏழாவது கோஸ். தேடியும் கிடைக்காத அதே பெயர்! பழைய பதிவு ஒன்று பின்னால் கிடைத்ததா, அல்லது பட்டியலில் தங்களை எழுதவைக்கும் அளவுக்கு அந்தக் குடும்பம் வளர்ந்துவிட்டதா? நூல் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நான் தள்ளிவிட்டுப் போன நூலுக்குள்தான் இந்த வழக்கின் தீர்ப்பு இருந்திருக்கிறது.