யாருடைய மரை?

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் என் மாமா பல வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூட லீவில் எனக்கு அங்கே ஒரே வேலைதான். பழைய டப்பாவில் கலந்து கிடக்கும் நட்டு போல்ட்டுகளைப் பிரித்து வைக்க வேண்டும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். நட்டு இரண்டு சுற்று சுகமாக ஏறும், மூன்றாவது சுற்றில் சிக்கிக்கொள்ளும். "முறுக்காத மாப்ள, மரை செத்துரும். அது இஞ்ச் மரை, இது எம்.எம். மரை" என்பார் மாமா.

1841இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி என்று வகுத்தார். பின்னால் வந்த மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. இந்த இரண்டையும் முடிவுசெய்த இடத்தில் கப்பலூர்க்காரர் யாரும் இல்லை. ஆனால் கப்பலூரில் டூல் தீட்டுவது அந்தக் கோணங்களுக்குத்தான். எங்கோ யாரோ எழுதிவைத்ததை நாம் கடைந்துகொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது ரொம்ப நாள் கழித்துத்தான், அதுவும் செல்போனைப் பற்றிப் படித்தபோது.

போனுக்கும் மரை உண்டு. ஒரு கம்பெனி செய்த போன், இன்னொரு கம்பெனி செய்த டவரோடு பேசி, மூன்றாவது கம்பெனியின் இணைப்பகம் வழியாகப் போகிறது என்றால், எல்லோரும் ஒரே விதியை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இது தந்திக் காலத்திலேயே தொடங்கிய கதை. எல்லையில் ஒரு நாட்டு ஊழியர் செய்தியை எழுதிக் கொடுக்க, அடுத்த நாட்டு ஊழியர் மறுபடி தட்டி அனுப்ப வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் 1865இல் பாரிஸில் 20 நாடுகள் கூடி சர்வதேசத் தந்தி ஒன்றியத்தை அமைத்தன. இன்றைய ஐடியு அதன் வாரிசு.

செல்போன் காலத்தில் விதி எழுதும் வேலை பெரும்பாலும் தொழில் கூட்டணிகளின் கைக்கு வந்தது. 1998 டிசம்பரில் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா ஆகியவற்றின் தர அமைப்புகள் சேர்ந்து 3ஜிபிபியைத் தொடங்கின. சீனாவும் சீக்கிரமே சேர்ந்துகொண்டது. பெரும்பாலும் கம்பெனிகளின் பொறியாளர்கள்தான் கூட்டங்களுக்கு யோசனைகளோடு வருவார்கள், வாதாடுவார்கள். ஒருமித்து ஏற்கப்பட்டது விதியாகும். விதிக்குள் யாருடைய காப்புரிமை உட்கார்ந்திருக்கிறதோ அவருக்கு உலகம் முழுக்க விற்கும் போன்களிலிருந்து பங்கு கேட்கும் உரிமை வருகிறது. பணம் ஒரு பக்கம். எந்த ஊரை மனதில் வைத்து விதி எழுதப்படுகிறது என்பது இன்னொரு பக்கம்.

இந்த இரண்டாவது பக்கத்துக்கு மதுரை மாவட்டமே சாட்சி. கப்பலூர் மதுரைக்குத் தென்மேற்கே என்றால், மேலூர் வடகிழக்கே. 1990களின் தொடக்கத்தில் ஒரு தொலைபேசி இணைப்பு கொடுக்க சுமார் 40,000 ரூபாய் ஆகிறது, அதை 10,000 ஆக்கினால்தான் நாடு முழுக்கப் போன் போகும் என்பது சென்னை ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா சொன்ன கணக்கு. அவருடைய டெநெட் குழு டெக்ட் என்ற தரத்தைக் கையில் எடுத்தது. வீட்டுக்குள்ளும் ஆபீஸுக்குள்ளும் கம்பியில்லாமல் பேசுவதற்காக எட்சி என்ற ஐரோப்பிய அமைப்பு வகுத்த தரம் அது. முதல் பெயரிலேயே 'ஐரோப்பிய' என்ற சொல் இருந்தது. சில நூறு மீட்டருக்கு எழுதப்பட்ட அதை, கூரையில் ஆன்டெனா வைத்து 10 கிலோமீட்டருக்கும், நடுவில் ஓர் அஞ்சல் நிலையம் வைத்து 25 கிலோமீட்டருக்கும் நீட்டினார்கள். கார்டெக்ட் பிறந்தது.

2001 கடைசியில் மேலூர் வட்டாரக் கிராமங்களில் கார்டெக்ட் வழியாக இணைய மையங்கள் திறந்தன. சாரி என்ற அந்தத் திட்டத்தில் சென்னை ஐஐடியோடு எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் இருந்தன. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். அந்த வேகத்தில் கிராமத்துக் கண்களின் படங்கள் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போயின, சான்றிதழுக்கான விண்ணப்பங்கள் தாலுகா ஆபீஸுக்குப் போயின. ஆனால் சில வருஷங்களிலேயே பெரும்பாலான மையங்கள் மூடிவிட்டன. பயிற்சியும் பழுதுபார்க்கும் ஆளும் கிடைத்த மையங்கள் அதிக நாள் தாங்கின. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அரசு விண்ணப்பங்களும் தேங்கின. அதற்குள் ஜிஎஸ்எம் போன் மலிந்துவிட்டது. அதுவும் ஐரோப்பாவின் மரைதான்.

அடுத்தவர் மரையை நீட்டிப் பார்த்தாயிற்று. அடுத்த முறை, மரை எழுதும் மேசைக்கே போனார்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள், கருவி செய்பவர்கள், ஐஐடிகள் எல்லாம் சேர்ந்த டிஎஸ்டிஎஸ்ஐ என்ற அமைப்பு உருவானது. 2015இல் அது 3ஜிபிபியின் ஏழாவது பங்காளி அமைப்பானது.

5ஜிக்கான சோதனை விதிகளில் 'கிராமம்' என்றால் டவருக்கு டவர் 1,732 மீட்டர் என்று கணக்கு. நம் ஊர்க் காட்டில் அவ்வளவு நெருக்கமாக டவர் நட யாருக்கும் கட்டுப்படியாகாது. பஞ்சாயத்து ஊரில் ஒரு டவர் இருந்தால் அதைச் சுற்றி 3 கிலோமீட்டரில் உள்ள குக்கிராமங்கள் பிழைத்துக்கொள்ளும். அதனால் இடைவெளி 6 கிலோமீட்டர் என்று இன்னொரு கணக்கும் வேண்டும் என்று இந்தியா கேட்டது. 2017இல் ஐடியு அதைச் சேர்த்துக்கொண்டது.

அவ்வளவு தூரத்தில் ஒரு சிக்கல் உண்டு. திருவிழா ரேடியோ செட் பேசுவது கம்மாய்க்கு அந்தப் பக்கம்வரை கேட்கும். அங்கிருந்து நாம் கத்துவது மேடைக்குக் கேட்காது. போனும் அப்படித்தான். டவர் பேசுவது போனுக்கு எட்டும், போன் பேசுவது டவருக்கு எட்டாது. அலைவடிவத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைத்தால் அதே சின்னப் பெருக்கியை முழு மூச்சில் கத்த வைக்கலாம் என்று ஹைதராபாத், சென்னை ஐஐடிக்காரர்கள் வழி காட்டினார்கள். அந்த 5ஜிஐ, 2021 பிப்ரவரியில் ஐடியுவின் 5ஜி தரப் பட்டியலில் ஏறியது.

உள்ளூரிலேயே சண்டை வந்தது. இந்தியாவுக்கு மட்டும் தனி மரை என்றால் சிப்பு விலை ஏறும், போன் விலை ஏறும் என்று சேவை நிறுவனங்கள் எதிர்த்தன. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. சின்னச் சந்தைக்கென்று யாரும் தனி அச்சு வார்க்க மாட்டார்கள். கடைசியில் 2021 டிசம்பரில் 5ஜிஐயை 3ஜிபிபியின் 17ஆம் பதிப்போடு இணைக்க ஒப்பந்தமானது. அதன் முக்கிய அம்சங்கள் பொது விதிக்குள் போயின, தனிப்பெயர் போனது. சிலர் இதைத் தோல்வி என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெயர் கொடுத்துத் தூரம் வாங்கினோம். ஆனால் விதியில் ஏறிவிட்டதாலேயே கிராமத்தில் டவர் முளைத்துவிடாது. அதை மேலூர் நமக்கு முன்பே சொல்லிவிட்டது.

இதையெல்லாம் ஒருநாள் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாப்ள, மரை போட்டாச்சு. நட்ட யாரு மாட்டுவா?" என்றார்.