பால் வாங்கப் போனவள்

விஷுவல் நாவல் என்ற பெயர் ஒதுங்கி உட்காரும் ஒரு பள்ளிக்கூடப் பையனோடுதான் பிறந்தது. 1992இல் ஜப்பானின் சுன்சாஃப்ட் நிறுவனம் ‘ஒத்தோகிரிசோ’ என்ற பேய்வீட்டுக் கதையைச் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்காகக் கொண்டுவந்தது. திரை முழுக்க எழுத்து, பின்னால் படம், காதில் மழையும் கதவுச் சத்தமும். அவர்கள் அதை ‘சவுண்ட் நாவல்’ என்றார்கள். 1996இல் லீஃப் என்ற இன்னொரு நிறுவனம் அதே அமைப்பில் பாத்திரங்களின் முகங்களையும் பெரிதாக வரைந்து ‘ஷிஸுகு’ என்ற விளையாட்டை வெளியிட்டது. ஷிஸுகு என்றால் துளி. தங்கள் வரிசைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘விஷுவல் நாவல்’. அந்தப் பெயர் பிறகு வகைமைக்கே நின்றுவிட்டது.

விளையாடிப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் ஓடவோ சுடவோ வேண்டாம். எதிரே ஒருவர் நிற்பார், கீழே ஒரு பெட்டியில் அவர் பேசுவது எழுத்தாக வரும். நாம் சொடுக்கினால்தான் அடுத்த வரி. எப்போதாவது இரண்டு மூன்று பதில்கள் வரிசையாக வந்து நிற்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் யோசித்தாலும் எதிரே நிற்பவர் முகம் சுளிக்காமல் காத்திருப்பார். பேச்சு வராத ஆட்களுக்கு இது எப்பேர்ப்பட்ட சலுகை என்பது பேச்சு வராதவர்களுக்கே தெரியும். நிஜ உலகத்தில் பதில் தொண்டையில் வருவதற்குள் எதிராளி அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்.

ஷிஸுகுவின் பையன் யூசுகே. வகுப்பில் யாரோடும் ஒட்டாதவன். பாடம் நடக்கும்போது உலகம் அழிவதைக் கற்பனை செய்துகொண்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் வகுப்பிலேயே ஒரு மாணவிக்குச் சித்தம் கலங்குகிறது. ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க இவன் போகிறான். வயது வந்தவர்களுக்கான விளையாட்டு. அதன் சில பகுதிகளை இன்று என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தில் அது புதிது. ‘ஒருமாதிரியான’ பையனை அது வெளியே நின்று காட்டவில்லை. அவன் மண்டைக்குள் நம்மை உட்காரவைத்தது.

அந்தக் காலத்து ஜப்பானில் இது சின்ன விஷயம் இல்லை. 1989இல் நான்கு சிறுமிகளைக் கொன்ற ஓர் இளைஞன் டோக்கியோ பகுதியில் பிடிபட்டான். அவன் அறையில் ஆயிரக்கணக்கான வீடியோ கேசட்டுகள் அடுக்கியிருந்த படத்தைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. அதோடு ‘ஒத்தாகு’ என்ற சொல்லுக்கே ரத்தக்கறை படிந்தது. அறைக்குள் தனியாக உட்கார்ந்து காமிக்ஸும் அனிமேயும் பார்க்கிற பையன் என்றாலே பெற்றவர்களுக்கு அடிவயிறு கலங்கியது. 1995 மார்ச்சில் ஓம் ஷின்ரிக்யோ கூட்டம் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுவை விட்டபோது, நன்றாகப் படித்த, அமைதியான இளைஞர்கள் அதில் இருந்தார்கள் என்பது அந்தப் பயத்தை இன்னும் கூட்டியது. 1998இல் மனநல மருத்துவர் சைத்தோ தமாகி எழுதிய புத்தகம் ‘ஹிக்கிகொமோரி’ என்ற சொல்லை வீடுதோறும் கொண்டுபோனது: மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் அறையை விட்டு வெளியே வராதவர்கள். இப்படி நாடே கதவிடுக்கு வழியாக எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த அந்த அறைக்குள்ளிருந்துதான் விஷுவல் நாவல் பேச ஆரம்பித்தது.

வைத்திய உலகம் இந்த அச்சத்துக்குப் பெயர் வைத்தது மெதுவாகத்தான். பிரெஞ்சு மருத்துவர் பியேர் ழானே 1903இல் இதைத் தனியாகக் குறித்தார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ‘சோஷியல் ஃபோபியா’ தனி நோயாக ஏறியது 1980இல். ஜப்பானியர்கள் அதற்கு வெகு முன்பே இதைக் கண்டுகொண்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மோரிதா மஸாதாகே என்ற மருத்துவர் இத்தகையவர்களுக்கென்றே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். அங்கே அந்தக் கோளாறின் பெயர் ‘தைஜின் கியோஃபுஷோ’, ஆள்களைக் கண்டு அஞ்சுதல். அதில் ஒரு வகையைப் பற்றிப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர்களுக்குப் பயம், மற்றவர்கள் தங்களைப் பார்ப்பதில் இல்லை. தங்கள் பார்வை மற்றவர்களைத் துன்புறுத்திவிடும் என்பதில். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தே நடப்பார்கள்.

நம் ஊரில் கண்ணேறு என்றால் பிறத்தியார் கண். அதற்குப் பூசணிக்காய் உடைக்கலாம், வத்தல் மிளகாய் சுற்றிப் போடலாம். சொந்தக் கண்ணுக்குப் பயந்தவளுக்கு யார் சுற்றிப் போடுவது?

நான் முட்டத்துக்காரி. இது குரல் இல்லாமல் பிழைக்க முடியாத ஊர். அலை இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியவர்கள், கரையில் மீன் ஏலம் நடக்கும்போது நின்று பார்த்தால் தெரியும். இங்கே வாய் திறக்காத பையனுக்கு உடனே கேள்வி வரும், “என்னல பம்முக?” என்று. வாய் திறக்காத பெண்பிள்ளைக்கு அந்தக் கேள்வி வராது. “நல்ல அடக்கமான பிள்ள” என்பார்கள். அச்சம், நாணம் எல்லாம் பெண்ணுக்கு நகை என்று பட்டியல் போட்டு வைத்த மொழி இது. கடைக்குப் போகும் வழியெல்லாம் “கால் கிலோ சீனி, ஒரு தேயிலைப் பொட்டலம்” என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து, கடையில் ஆள் நின்றால் நிற்காமல் தாண்டிப்போய், வளைவு வரை நடந்து திரும்பி வந்ததெல்லாம் எனக்கு நகையாகத் தெரியவில்லை. பையனுக்குக் குற்றம், பெண்ணுக்கு அலங்காரம். இரண்டிலும் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

நம் சினிமா கேட்டதா? அது எடுத்துக்கொண்டதெல்லாம் பையனின் பக்கத்தை, அதுவும் வெளியே நின்று. வேர் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் (1960) இருக்கிறது. ராபர்ட் பிளாக் எழுதிய மூல நாவலில் நார்மன் பேட்ஸ் நாற்பது வயதுக் குண்டு மனிதன், குடிகாரன். படத்தில் அவனை ஒல்லியான, திக்கித் திக்கிப் பேசுகிற, பார்த்தாலே இரக்கம் வருகிற இளைஞனாக மாற்றினார்கள். அபாரமான யோசனைதான். ஆனால் அன்றிலிருந்து திரையில் கூச்சப்படுகிறவனைப் பார்த்தால் பின்னால் கத்தி இருக்கிறதா என்று தேடும் பழக்கம் வந்துவிட்டது. பாலு மகேந்திரா ‘சைக்கோ’வின் தாக்கத்தில் எடுத்த ‘மூடுபனி’ (1980) அந்த இளைஞனைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. பிரதாப் போத்தனின் சந்துரு மென்மையாகப் பேசுவான், தனியாக இருப்பான், கொலை செய்வான்.

2003இல் செல்வராகவனின் ‘காதல் கொண்டேன்’. பாதிரியார் ஒருவரிடம் வளர்ந்த அநாதைப் பையன் வினோத், பொறியியல் கல்லூரிக்கு வருகிறான். யாரும் பேச மாட்டார்கள், இவனும் பேச மாட்டான். வகுப்பில் தூங்கி, வாத்தியார் எழுப்பிவிட்டதும் கரும்பலகையில் கணக்கைப் போட்டுவிட்டு வந்து உட்காருகிற காட்சி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தனுஷின் அந்தத் தோள்குறுகல் நிஜம். தமிழில் பேச்சு வராதவனின் உடம்பை இவ்வளவு துல்லியமாக யாரும் அதற்கு முன்னால் காட்டவில்லை என்பது என் எண்ணம். அப்படிப்பட்ட படமும் பின்பாதியில் அவனைப் பார்த்துப் பயப்படவே நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அவன் சின்ன வயதில் பட்ட கொடுமைகளைக் காட்டி இரக்கம் கேட்கிறது, சரி. ஆனால் பயப்படுகிறவனாக வந்தவன் பயமுறுத்துகிறவனாகி விடுகிறான். வெளியே நிற்கிற கேமராவுக்கு வேறு வழி தெரியவில்லை போலிருக்கிறது. எங்கள் ஊரையும் கேமரா அப்படித்தான் பார்த்தது: ‘அலைகள் ஓய்வதில்லை’, ‘கடலோரக் கவிதைகள்’ என்று வந்தார்கள், பாறையையும் கடலையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

உள்ளே போனது எழுத்துதான். இங்கிருந்து பஸ் பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில், திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு நகுலன் எழுதிய ‘நினைவுப்பாதை’ (1972) நவீனன் என்கிற ஒருவனின் மனசுக்குள்ளேயே நடக்கிறது. படிக்கிறவருக்கு அவனைத் தள்ளி நின்று பார்க்க இடமே கிடைப்பதில்லை. நகுலனைப் படித்தவர்களுக்கு விஷுவல் நாவல் அவ்வளவு அந்நியமாக இருக்காது என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு. பாதிப்பேர் சிரிப்பார்கள்.

ஜப்பானுக்கு வெளியே இந்த வடிவம் பரவக் காரணம் ஒரு கருவி. 2004இல் டாம் ரோதமெல் என்ற அமெரிக்கர் ‘ரென்பை’ என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். பெரிய நிறுவனம் வேண்டாம், தனியாளாகவே விஷுவல் நாவல் செய்யலாம் என்றானது. அதில் செய்யப்பட்டதுதான் 2017 செப்டம்பரில் டான் சல்வாட்டோ குழுவினர் இலவசமாகவே வெளியிட்ட ‘டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப்’. பள்ளிக்கூட இலக்கிய மன்றம், நான்கு பெண்கள், தினம் ஒரு கவிதை. சர்க்கரைப் பாகு மாதிரி ஆரம்பித்து நடுவில் தரையை உருவிவிடும். தற்கொலையும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் அதில் வருகின்றன. தொடக்கத்திலேயே எச்சரிக்கை போடுவார்கள், அதை மதிக்க வேண்டும்.

அந்த நால்வரில் ஒருத்தி யூரி. உயரமானவள், திகில் நாவல் படிப்பவள், ஒரு வாக்கியத்தைத் தொடங்கி மன்னிப்புக் கேட்டு முடிப்பவள். பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது தன்னை மறந்து வேகமாகப் பேசிவிட்டு, அப்புறம் ஐயோ அதிகம் பேசிட்டோமே என்று சுருங்குவாள். எனக்குத் தெரிந்து விளையாட்டுகளில் கூச்சத்தின் நடை இவ்வளவு சரியாக எழுதப்பட்டது குறைவு. ஆனால் இரண்டாம் பகுதியில் அவள்தான் திகில். கண்கள் மட்டும் நிஜ மனிதக் கண்களாக மாறி முகத்தில் நகர்கின்றன. தன் பார்வைக்கே பயப்படுகிறவர்களைப் பற்றி மோரிதாவின் நாட்டில் எழுதிவைத்ததை யாரோ படமாகப் போட்டுக் காட்டின மாதிரி. கடைசியில் அவள் தன் காதலைச் சொல்லிப் பதில் கேட்கிறாள். ஆம், இல்லை என்று இரண்டு தேர்வுகள். எதைத் தொட்டாலும் நடப்பது ஒன்றே.

இது மறுபடியும் நார்மன் பேட்ஸ்தானே என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. கோபம் முழுக்கப் போகவும் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது (கதை உடைகிறதே என்பவர்களுக்கு: 2017இல் வந்தது, இன்னும் எத்தனை நாள் பொத்திவைப்பது?). யூரி அப்படி ஆகவில்லை, ஆக்கப்படுகிறாள். மன்றத் தலைவி மோனிகாவுக்குத் தான் ஒரு விளையாட்டுக்குள் இருப்பது தெரியும். மற்றவர்களின் கோப்புகளில் கைவைத்து, அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் பலவீனத்தை ஊதிப் பெரிதாக்குகிறாள். கூச்சத்துக்குள் பேய் இல்லை, யாரோ அதைப் பேயாகத் திருத்தி எழுதுகிறார்கள் என்று வாசிக்க அங்கே ஓர் இடுக்கு இருக்கிறது. ‘காதல் கொண்டே’னில் அந்த இடுக்குகூட இல்லை.

அந்த இடுக்கைக் கதவாகத் திறந்தது மூன்று வருஷம் கழித்து வந்த ஒரு குட்டி விளையாட்டு. நிகிதா க்ரியூகோவ் 2020 ஆகஸ்டில் வெளியிட்டது. பெயரைத் தமிழில் சொன்னால் ‘பால் பைக்குள் பால் பைக்குள் பால்’ என்று ஏறக்குறைய வரும். அரைமணி நேரம்கூட ஆகாது. கதை இவ்வளவுதான்: ஒரு பெண் வீட்டிலிருந்து கிளம்பிக் கடைக்குப் போய்ப் பால் வாங்க வேண்டும்.

திரை முழுக்க இருட்டும் கருஞ்சிவப்பும். எதிர்ப்படும் மனிதர்கள் அவள் கண்ணுக்கு உருவம் குலைந்த ஜந்துகளாகத் தெரிகிறார்கள். வழக்கமாக விளையாடுகிறவர்தான் கதாநாயகன், இங்கே அப்படி இல்லை. நாம் அவள் தலைக்குள் கேட்கும் ஒரு குரல், அவ்வளவுதான். கடைக்குப் போவது தாங்க முடியாத காரியமாக இருப்பதால், தான் ஒரு விஷுவல் நாவலுக்குள் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு போகிறாள் அவள். 1996இல் அறைக்குள் இருப்பவனைப் பற்றிக் கதை சொல்லப் பிறந்த வடிவத்தை, 2020இல் அறைக்குள் இருப்பவளே ஊன்றுகோலாக எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வரி வரியாக, ஒரு சொடுக்குக்கு ஓர் அடி.

இதில் கொலைகாரன் கிடையாது. திகில் எல்லாம் அவளுடையது, யாருக்கும் அவளால் ஆபத்தில்லை. கூச்சத்தை இரக்கத்துக்கான முன்கதையாகவும் இது ஆக்கவில்லை. அப்பாவின் சாவு, மாத்திரைகள் என்று சில விஷயங்கள் வருகின்றன, ஆனால் ‘அதனால்தான் இப்படி’ என்று யாரும் நம் கையில் விளக்கம் கொடுப்பதில்லை. தெருவில் நடக்கும் அவளைக் கடந்து போகிறவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? பால் வாங்கப் போகிற ஓர் அடக்கமான பிள்ளை.

குரலாக இருக்கும் நமக்கும் தேர்வுகள் உண்டு. அவளை ஆற்றலாம், “வாயில என்ன கொழுக்கட்டையா?” என்கிற தொனியில் எரிந்தும் விழலாம். எரிந்து விழுந்தால் கதை கொஞ்ச தூரம்தான் போகும். அப்புறம் அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து, வீட்டு வாசலிலிருந்து, அவளோடு கிளம்ப வேண்டும்.