ஆழ்கடற் சுறாவும் தூத்தூர்த் தூண்டிலும்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குக் கடல் தொலைவானது. நாம் அறிந்த பெருநீர்ப்பரப்பு வைகை அணையே. 1959ஆம் ஆண்டு திறக்கப்பெற்று, 111 அடி உயரத்தில் நிற்கும் அவ்வணையின் நீர்த்தேக்கத்தில் பரிசலில் சென்று வலை வீசுவோரை நாம் கண்டிருக்கின்றோம். கட்லா, ரோகு, மிர்கால், சிலேபி என்று அவர்கள் கொணரும் மீன்களுள் பெரும்பாலானவை பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்று வளரும் சாதுவான மீன்கள். பிற மீன்களை வேட்டையாடித் தின்பவை என்றால் வாளையும் விராலும் நம் நினைவுக்கு வரும்.

ஆயினும் கடலின் பெருவேட்டை மீன் ஒன்று நம் ஊர்களுக்கு நெடுங்காலமாக வந்துகொண்டுதான் இருக்கின்றது. அது உப்பிட்டு உலர்த்திய சுறாக் கருவாடு. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கும் என்று நம் பாட்டிமார் பாற்சுறாவைத் தேடி வாங்கிய வழக்கத்தை நாம் அறிவோம். அந்தத் துண்டுக்குப் பின்னே எத்தனை நூற்றாண்டு வரலாறும் எத்தனை மனிதரின் உழைப்பும் உள்ளன என்பதை எண்ணிப் பார்த்திருக்கின்றோமா?

தமிழர்க்கும் சுறாவுக்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது. முழுநிலவு நாளில் கடலுக்குச் செல்லாத பரதவர், சினைச்சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. சுறாவுக்குக் கொம்பு ஏது? முகம் வாளைப் போல் நீண்டு இருபுறமும் பற்களைக் கொண்ட வேளா மீனையே புலவர் குறித்தார் எனக் கருதலாம். வைகைக் கரை மதுரையின் திருவிளையாடற் புராணத்திலும் வலை வீசிய படலம் என்றொரு பகுதி உண்டு. வலைகளைக் கிழித்து மீனவரை அலைக்கழித்த சுறாவைச் சிவபெருமான் வலைஞராக வந்து பிடித்துப் பரதவர் தலைவனின் மகளை மணந்தார் என்பது அக்கதை. உள்நாட்டுத் தலைநகரின் புராணமும் சுறாவை அடக்குவதை ஒரு பெருஞ்செயலாகப் போற்றியது கருதத்தக்கது.

முத்துக் குளிப்போர்க்குச் சுறா அச்சமாகவே இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, சுறாவை மந்திரத்தால் கட்டுவோர் எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்றனர் என்றும், அவர்களது மந்திரம் பகலுக்கு மட்டுமே உரியது என்றும் எழுதி வைத்துள்ளார். இவர்களைக் கடற்கட்டிகள் என்பர். இலங்கையைப் பற்றி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நூல் எழுதிய எமர்சன் டென்னன்ட் தரும் செய்தி இன்னும் வியப்பானது. அன்றைய கடற்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர்! சமயம் மாறினாலும் கடலின் அச்சம் மாறவில்லை. பிழைப்புக்காக உயிரைப் பணயம் வைத்து ஆழத்தில் இறங்குபவன் கிடைத்த துணையை எல்லாம் பற்றிக்கொண்டான். கரையில் நிற்கும் நாம் அதனை எள்ளி நகையாடுவது எளிது, முறையன்று.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் வந்த தூய பிரான்சிஸ் சவேரியார், 1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட முக்குவர்க்குத் திருமுழுக்கு அளித்ததாகத் தம் மடலில் குறித்தார். அக்கரையின் ஒரு பகுதிதான் இன்றைய குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரம். இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று கோத்த மணிகள்போல் அமைந்த இவ்வூர்கள் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. இந்தியாவின் தலைசிறந்த சுறா வேட்டையாளர் இவ்வூர்களின் மைந்தர்கள் என்று கூறின் அது மிகையாகாது.

சுறாவைப் பிடிப்பதற்கு அதன் இயல்பை அறிதல் வேண்டும். சுறாவுக்கு முள்ளெலும்பு இல்லை; குருத்தெலும்பே உண்டு. பிற மீன்களை மிதக்கச் செய்யும் காற்றுப்பை அதற்கு இல்லாமையால், எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலே அதன் உடலை இலேசாக்குகின்றது. குருதியின் மணத்தை நெடுந்தொலைவிலிருந்தே உணரும். இரையின் உடலில் தோன்றும் மிகமெல்லிய மின்னதிர்வையும் மூக்கருகே உள்ள நுண்துளைகளால் அறியும். ஆகவே நாற்றமுள்ள இரைமீனைத் தூண்டிலில் கோத்து இருளில் இறக்குகின்றனர். கிலோமீட்டர் கணக்கில் நீளும் ஒரு தாய்க்கயிறு, அதிலிருந்து இடைவெளிவிட்டுத் தொங்கும் கிளைக்கயிறுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் பெருந்தூண்டில், மேலே மிதவைகள். இதுவே நெடுந்தூண்டில். சுறாவின் பல் நூலை அறுத்துவிடும் ஆதலால் தூண்டிலை ஒட்டிய பகுதி எஃகுக் கம்பியாக இருக்கும். விடியலில் கயிற்றை இழுக்கையில் சுறா உயிரோடு இருப்பின் அதன் சீற்றத்துக்கு ஈடுகொடுத்து, கொக்கியால் மாட்டிப் படகினுள் ஏற்றவேண்டும். சுழலும் கயிறு ஒருவன் கையைச் சுற்றினாலும், மயங்கிக் கிடக்கும் சுறா வாயைத் திறந்தாலும் கேடுதான்.

மேல்நாடுகளில் செல்வர்கள் விசைப்படகின் நாற்காலியில் அமர்ந்து, உருளை பூட்டிய தூண்டிற்கோலால் இத்தகைய மீன்களோடு போராடுவதை ஒரு விளையாட்டாகக் கொண்டுள்ளனர். நம் மீனவர்க்கு அது விளையாட்டன்று, வீட்டின் உலைநீர்.

ஏன் சுறா கருவாடாகவே நம்மை வந்தடைந்தது? அதன் இறைச்சியில் யூரியா மிகுதி. இறந்த சில மணி நேரத்தில் அது அம்மோனியாவாக மாறிக் காரமான நாற்றம் வீசும். பனிக்கட்டி கிடைக்காத காலத்தில் உடனே உப்பிட்டு உலர்த்துவதன்றி வேறு வழியில்லை. உப்பிட்டது நெடுநாள் தாங்கும். எனவே மலையடிவாரச் சந்தை வரையிலும் பயணம் செய்தது. இரண்டாம் உலகப்போரின்போது மேல்நாட்டு மீனெண்ணெய் வரத்து தடைப்படவே, சுறாவின் ஈரல் எண்ணெய்க்கு நம் நாட்டில் மதிப்புக் கூடியது. பின்னர்ச் சுறாத் துடுப்புக்குக் கீழை நாடுகளில் பெருவிலை கிடைத்தது. கட்டுமரத்தில் சென்றவர்கள் விசைப்படகுக்கு மாறினர். கொச்சியைத் தளமாகக் கொண்டு இலட்சத்தீவுக்கும் குசராத்துக் கடலுக்கும் அப்பாலும் சென்றனர். பத்துப் பதினைந்து பேர் ஒரே படகில் பல வாரங்கள் வாழ்ந்தனர். தொலைதூரத் தீவுகளின் எல்லைக்குள் புகுந்து சிறைப்பட்டவர்களும் உண்டு.

பின்னர் இரண்டு துயரங்கள் எதிர்ப்பட்டன. ஒன்று சுறாவின் துயரம். அது பல ஆண்டுகள் வளர்ந்த பின்னரே முதிரும். நெடுங்காலம் சினைப்பட்டிருந்து சில குட்டிகளையே ஈனும். பல்லாயிரக்கணக்கில் முட்டையிடும் மத்தியைப்போல் அது மீண்டெழ இயலாது. ஆதலால் 2001 ஜூலையில் நடுவணரசு சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் பிடிக்கத் தடை விதித்தது. அதனையே நம்பி வாழ்ந்தோர் கலங்கினர். மீனவர் எதிர்ப்புக்குப் பின், அதே ஆண்டு டிசம்பரில் தடை பத்து இனங்களுக்கு என்று சுருக்கப்பட்டது. முன்னோர் நட்டு வழிபட்ட வேளாவும் அப்பத்தினுள் அடங்கும். 2015இல் துடுப்பு ஏற்றுமதியும் தடைசெய்யப்பட்டது. தூத்தூரார் பலர் சூரை போன்ற மீன்களின் பக்கம் தம் தூண்டிலைத் திருப்பினர்.

மற்றொன்று மனிதரின் துயரம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது இவ்வூர்களின் ஆழ்கடல் மீனவர் பலர் ஏற்கெனவே கரையிலிருந்து நெடுந்தொலைவில் இருந்தனர். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. குமரிக் கரை நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களை இழந்தது. உடல் கிடைக்காமையால் கல்லறையும் அமைக்க இயலாது கலங்கிய குடும்பங்கள் பல.

இவ்விரு துயரங்களையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவோர் உளர். சுறாவைக் காக்க வேண்டும் என்போர் மீனவனைக் குற்றவாளி ஆக்குகின்றனர். மீனவனுக்காகப் பேசுவோர் சுறா அழிந்தாலென்ன என்கின்றனர். இரண்டும் அரைகுறைப் பார்வையே என்பது நம் எண்ணம். பெருவேட்டை மீன் அற்றுப்போன கடலில் நாளைய மீனவனுக்கும் வாழ்வில்லை. மாற்றுத் தொழிலும், தொலைவிலும் கேட்கும் செய்திக் கருவியும், ஆபத்தில் விரைந்து வரும் மீட்புப் படகும் தராமல் தடை மட்டும் விதிப்பது நீதியும் இல்லை.

நற்செய்தியில் தூண்டில் இடம்பெறுவது ஒரே ஓரிடத்தில்தான். கோவில் வரி செலுத்துவதற்காகப் பேதுருவைத் தூண்டில் போடுமாறு ஆண்டவர் பணித்தார். ஒரு மீன், அதன் வாயில் ஒரு நாணயம், இருவரின் கடன் தீர்ந்தது. தேவைக்கு மேல் ஒரு மீனும் அங்கே கேட்கப்படவில்லை. கடலைக் காணாத பள்ளத்தாக்கில் வாழும் நாமும் கடலுக்குக் கடன்பட்டவர்களே. தட்டில் விழும் ஒவ்வொரு துண்டுக்கும் உண்மையான விலை என்ன, அதை யார் செலுத்துகின்றார் என்று கேட்கப் பழகுவோமாயின், அக்கடனில் ஒரு சிறு பங்கையேனும் தீர்க்கத் தொடங்கியவர்கள் ஆவோம்.