75 வாட்டுக்குள் இரு வரைகலை அட்டைகள்: சப்ரகமுவத் தோட்டப்புறத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வரைகலை அட்டைகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் விளையாட்டு வேகத்தை வைத்தே தரம் பிரிக்கின்றனர். சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் ஒரு குடும்பம் மேசைக் கணினி வாங்கினால், கைக்கெட்டும் விலையில் கிடைப்பது பாவித்த அலுவலகக் கணினிதான். அதில் பொருத்தக்கூடிய அட்டை எது என்பதை முதலில் தீர்மானிப்பது மின்சாரம். இந்தக் கோணத்தில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ இரண்டையும் ஒப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாய்ப்பலகையின் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை ஓர் அட்டைக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் வேண்டுமானால் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வர வேண்டும். 2012இல் வெளிவந்த டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010இன் கோபுர வடிவத்தில் 275 வாட், சிறிய வடிவத்தில் 240 வாட் பவர் சப்ளைதான் உண்டு; அந்தத் தனி வயர் இல்லை. 2011இன் 550 டிஐ 116 வாட்டும், 2012இன் 650 டிஐ 110 வாட்டும் கேட்டதால் இரண்டுக்கும் இப்பெட்டிக்குள் இடமில்லாமல் போயிற்று.

2014 பெப்ரவரியில் வந்த 750 டிஐ கேட்டது 60 வாட் மட்டுமே. 650 டிஐயின் அதே 28 நானோமீட்டர் உற்பத்தி முறையில்தான் அதுவும் தயாரானது; மாறியது வடிவமைப்பு. மேக்ஸ்வெல் என்ற அவ்வடிவமைப்பு, சில்லின் உள் நினைவகத்தை 256 கிலோபைட்டிலிருந்து 2 மெகாபைட்டாக உயர்த்தியது. வெளி நினைவகத்துக்கு ஓடும் தேவை குறைந்தது, மின்செலவும் குறைந்தது. வரைகலை அட்டை வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்பது என் கருத்து.

2016 ஒக்டோபரில் வந்த 1050 டிஐ 14 நானோமீட்டருக்கு இறங்கியது. கருக்கள் 640இலிருந்து 768 ஆயின. நினைவக வேகம் நொடிக்கு 86.4இலிருந்து 112 ஜிகாபைட் ஆயிற்று. மின்தேவை 75 வாட், துளையின் எல்லைக்குச் சரியாக. சில நிறுவனங்கள் இதே அட்டையை, அந்தத் தனி வயரைக் கேட்கும் ஆறு ஊசிச் சொருகியோடும் விற்றன. பாவித்த அட்டை வாங்குவோர் அதன் மேல் விளிம்பை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டுக்குமான பெரிய வேறுபாட்டை வேக அட்டவணைகள் காட்டுவதில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதும் பாடங்கள் சூமுக்கும் யூடியூபுக்கும் போயின. தோட்டப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது கைபேசிதான், அதுவும் சிக்னல் எடுக்கும் இடத்தில். கணினி இருந்த வீட்டில் வேறொரு தடை. யூடியூப் பரவலாகப் பயன்படுத்தும் விபி9 காணொளி முறையை விரிக்கும் வன்பொருள் 750 டிஐயில் கிடையாது. அந்தச் சுமை முழுவதும் பழைய செயலியின் மேல் விழும். விசிறி இரையும், உயர் தரத்தில் படம் திக்கும். 1050 டிஐ அதைத் தானே விரிக்கிறது. மாணவர் ஒருவருக்கு வாங்குவதாயின் நான் இந்த ஒரு காரணத்துக்காகவே பின்னதைத் தெரிவு செய்வேன்.

விலையைத் தோட்டச் சம்பளத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1050 டிஐயின் அறிமுக விலை 139 டொலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 20,400 ரூபாய். அதே மாதத்தில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தம் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை ஊக்கக் கொடுப்பனவுகள் சேர்த்து 730 ரூபாயாக்கியது. வரியும் கடை இலாபமும் நீங்கலாகவே அது 28 நாள் உழைப்பு. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாயிற்று. ஆனால் 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டு, மே மாதம் டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது அதே 139 டொலர் 50 நாள் சம்பளமாகிவிட்டது. சம்பள உயர்வு முழுவதையும் நாணயச் சரிவு விழுங்கியது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களில் விற்கும் பாவித்த அட்டைகளை விட்டால் இக்குடும்பங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

1050 டிஐக்குப் பின் 2019இல் ஜிடிஎக்ஸ் 1650 அதே 75 வாட்டுக்குள் வந்தது. 2022இன் ஆர்டிஎக்ஸ் 3050 130 வாட்டுக்குத் தாவியது. அதன் 6 ஜிகாபைட் வடிவம் 70 வாட்டுக்குத் திரும்ப 2024 ஆயிற்று. 750 டிஐ, 1050 டிஐ இரண்டுக்கும் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும்.