பாம்பன் வாயிலும் பாய்மரத் தோணிகளும்

இராமேசுவரத் தீவுக்கும் மண்டபக் கரைக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய கடற்பாதையே பாம்பன் கால்வாய். இதன் வடக்கே பாக்கு நீரிணை. தெற்கே மன்னார்க் குடா. தனுஷ்கோடி முதல் தலைமன்னார் வரை இராமர் அணையின் மணற்றிட்டுகள் மறித்து நிற்றலால், நாகபட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் தோணிக்கு இருந்த முக்கிய வழிகள் இரண்டு: ஒன்று பாம்பன், மற்றையது இலங்கைத் தீவு முழுவதையும் சுற்றி வருதல். பாம்பன் வழி அடைபட்டால் தோணிக்காரனுக்கு நேரும் இடர் எத்தகையது என்பதை இதனாலேயே அறியலாம்.

இக்கால்வாயில் நீரோட்டமும் பருவத்துக்கு அடங்கியது. வாடைக் காலத்தில் நீர் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி விரைந்தோடும். சோளகம் பிறந்ததும் திசை மாறும். காற்றையும் ஓட்டத்தையும் கணித்தே பாய் விரித்தவர்களுக்கு, நாட் கணக்கான தாமதம் ஒரு பருவத்தையே இழப்பதாக முடியலாம்.

1914ஆம் ஆண்டு பெப்ரவரியில் இக்கால்வாயின் மீது புகையிரதப் பாலம் திறக்கப்பட்டது. சென்னையையும் கொழும்பையும் புகையிரதத்தாலும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலாலும் தொடுப்பதே அதன் நோக்கம். இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நீண்ட அப்பாலத்தைக் கட்டியோர் கடலோடிகளை மறந்துவிடவில்லை. அமெரிக்கப் பொறியியலாளர் வில்லியம் ஷெர்சரின் முறைப்படி அமைந்த நடுப்பகுதி, இரு கதவுகள் போலப் பிரிந்து மேலெழும். தொழிலாளர் கைவலியாற் சுழற்றியே அதனைத் திறந்தனர். எனினும் வாயில் எந்நேரமும் திறவாது. துறைமுக அதிகாரியின் அனுமதி, புகையிரத நேரம், காற்றின் வேகம் யாவும் ஒத்துவர வேண்டும். அதுவரை மரக்கலங்கள் நங்கூரமிட்டுக் காத்துக் கிடக்கும். பெருங்கப்பலொன்றுக்காக வாயில் திறந்ததும், அதன் பின்னே மீன்பிடிப் படகுகள் வரிசையாய் நுழையும். இரும்புப் பாதையின் வசதிக்குக் கடற்பாதை விட்டுக்கொடுத்தது என்பதே இதன் பொருள்.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாலத்தின் பெரும்பாலான உத்தரங்களையும் கடல் கொண்டது. திறக்கும் பகுதி மாத்திரம் தப்பியது. பொறியியலாளர் ஈ. சிறீதரன் தலைமையில் 46 நாட்களிற் பாலம் செப்பனிடப்பட்டமை இன்றும் வியந்து பேசப்படுகின்றது. 1988இல் அருகே எழுந்த வீதிப் பாலமோ உயர்ந்து நிற்பது. அதற்குத் திறப்பும் அடைப்பும் இல்லை.

காத்துக் கிடத்தலின் ஆபத்தைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 2013 சனவரியில் காற்றில் அடிபட்டு வந்த மிதவைக் கலமொன்று பழைய பாலத்தில் மோதியது, புகையிரதமும் நின்றது. ஆக, வாயிலில் நேரும் இடர் கடலோடிக்கு மட்டும் உரியதன்று.

பாய்மரம் அருகிய பின்னரும் பருவ நெருக்கடி தீரவில்லை. இந்தியாவின் கீழ்க்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்களிலும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. தடைகள் தொடங்கும் நாளும் முடியும் நாளும் வேறுபடுதலால், ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடக்க முயலும் படகுகளுக்குப் பாம்பன் வாயிலே குறுக்குவழி.

பழைய பாலத்திற் புகையிரதப் போக்குவரத்து 2022 டிசம்பரில் நின்றது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், 72.5 மீற்றர் நீளமுள்ள நடுப்பகுதி மின்விசையால் நேரே மேலெழுகின்றது. அன்று பழைய பாலமும் பக்கத்திலேயே நின்றமையால், ஒரு கப்பல் கடக்க இரு வாயில்களும் திறக்கவேண்டியிருந்தது.