நூலகம்

அந்தியூரில் "நூல் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டால் தறிக்கு வேண்டிய நூலைத்தான் முதலில் காட்டுவார்கள். பக்கத்துப் பவானி ஜமக்காளத்துக்குப் பெயர்போன ஊர். கொத்தனாரோ "ரெண்டு நூல் தள்ளி வைங்க" என்பார். அங்கே நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று.

புத்தகமும் நூல்தான். ஏன் என்பதை நன்னூல் அழகாக விளக்குகிறது: சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், அவன் வாயே கை, அறிவே கதிர். மரத்தின் கோணலைக் காட்டும் தச்சனின் நூலைப்போல மனக்கோணலைத் தீர்ப்பதும் நூல் என்கிறது. அதை எழுதிய பவணந்தி முனிவரின் ஊர், பெருந்துறை அருகே உள்ள சீனாபுரம் என்பது கொங்கு வழக்கு. தறிச் சத்தம் கேட்கும் மண்ணுக்கு எவ்வளவு பொருத்தமான உவமை!

நூலோடு 'அகம்' சேர நூலகம் ஆயிற்று. அகம் வீடும்தான், உள்ளமும்தான். லைப்ரரியின் மூலமான லத்தீன் 'லிபெர்' முதலில் மரத்தின் உட்பட்டை. லத்தீன்காரர்கள் எழுதப் பயன்பட்ட பொருளிலிருந்து பெயர் எடுத்தார்கள், நாம் நூற்கும் வேலையிலிருந்து எடுத்தோம். வாசகசாலை, படிப்பகம் என்ற பெயர்களும் உண்டு. அவை வாசிப்பவரை நினைத்து வைத்தவை. இப்போது கணினி நிரலர்களும் ஆயத்த நிரல்களின் தொகுப்பை நூலகம் என்கிறார்கள்.